கார் கேரியர் லாரி ஓட்டும் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆலைகளில் இருந்து வெளிவரும் புதுக் கார்களைச் சுமந்து போகும் நீளமான இரண்டடுக்கு டிரெய்லர்களைப் பெங்களூரு சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வண்டியில் டிரைவராகச் சேர நினைப்பவர்களும், டிப்பர், கன்டெய்னர் ஓட்டிவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

சாதாரண லாரி ஓட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சிமெண்ட் லாரியில் பிரச்சினை எடை. கார் கேரியரில் எடை ஒரு பொருட்டே இல்லை. எட்டு சிறிய கார்களைச் சேர்த்தாலும் எட்டு, ஒன்பது டன்தான் வரும். இங்கே பிரச்சினை அங்குலம். மேலே கிளை, பக்கத்தில் தூண், காருக்கும் காருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி என்று நாள் முழுக்க அங்குலக் கணக்குதான். அதோடு, லாரி டிரைவர் லோடைத் தொடாத தொழில்கள் பல உண்டு. இதில் ஏற்றுவது, கட்டுவது, இறக்குவது மூன்றிலும் டிரைவரின் கை இருக்கும். சில யார்டுகளில் (புதுக் கார்களை நிறுத்திவைத்து ஏற்றும் திடல்) ஏற்றுவதற்குத் தனி ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் ஏற்றினாலும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். இந்த வேலையில் பணம் நிற்பதும் போவதும் பெரும்பாலும் அந்தக் கையெழுத்தில்தான்.

என்ன லைசென்ஸ் வேண்டும்?

போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஓராண்டு முடிந்த பிறகுதான் கனரகத்துக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. படிவம் 1ஏ மருத்துவச் சான்றும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் படிவம் 5-ம் தேவை. போக்குவரத்து வாகன லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். நீங்கள் ஓட்டப்போவது இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு வண்டி. லைசென்ஸில் இருக்கும் வகைப்பாடு அந்த வண்டிக்குப் பொருந்துகிறதா என்பதை வேலைக்குச் சேரும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான்.

முறையாகக் கற்க விரும்பினால் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக ஓட்டுநர் பயிற்சி மையமும், நாமக்கல்லில் அசோக் லேலண்ட் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. கிளீனராக ஏறி, டிரைவரின் கை பார்த்துப் பழகும் வழி இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒருவரிடம் இருக்கும் தப்புப் பழக்கமும் அந்த வழியில் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

வண்டி எவ்வளவு நீளம், உயரம்? எத்தனை கார் ஏறும்?

கார் ஏற்றும் கூட்டு வண்டிக்கு இப்போது அனுமதிக்கப்படும் நீளம் 18.75 மீட்டர், லோடோடு சேர்த்து உயரம் 4.75 மீட்டர். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார் என்றால் பொதுவாக எட்டு வரை ஏறும். 4.3 மீட்டர் தாண்டிய எஸ்யூவி என்றால் ஆறோ ஏழோதான். கூடுதலாக ஒரு காரைத் திணிக்க வால்பக்கம் நீட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிடிபட்டால் சாலையில் நிற்கப்போவது நீங்கள்.

ஏற்றும் முன் காரில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

யார்டில் கார் உங்கள் கைக்கு வரும் நிமிடத்தில் அதன் மேல் இருக்கும் கீறல் தொழிற்சாலையுடையது அல்லது யார்டுடையது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் அடுத்த நிமிடத்தில் அது உங்களுடையது. ஷோரூமில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் டார்ச் அடித்துத் தேடிக் கண்டுபிடிப்பார். "டிரான்சிட் டேமேஜ்", அதாவது வழியில் நேர்ந்த சேதம் என்று எழுதுவார். அந்தத் தொகை டெபிட்டாக உங்கள் கணக்கில் வந்து நிற்கும்.

முதலில் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. கடைசி ஆறு இலக்கங்களையாவது எல்.ஆரோடும் இன்வாய்ஸோடும் ஒப்பிட வேண்டும். ஒரே நிறத்தில் ஒரே மாடல் பத்து கார்கள் வரிசையாக நிற்கும்போது மாற்றி ஏற்றுவது மிக எளிது. 600 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தெரிந்தால் திருத்துவது மிகக் கடினம்.

பிறகு காரைச் சுற்றி ஒரு முழு நடை. நேராக நின்று பார்த்தால் பள்ளம் தெரியாது. முன் விளக்கின் அருகே குனிந்து, கண்ணைக் கதவின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் சரிந்து பார்க்க வேண்டும். வானத்தின் பிரதிபலிப்பு தகட்டில் ஒரே கோடாக ஓடினால் சரி. எங்காவது நெளிந்தால் அங்கே ஒடுக்கு. பம்பரின் கீழ் உதடு, நான்கு கதவுகளின் விளிம்பு, கண்ணாடி மடிப்பு, அலாய் வீலின் ஓரம், முன் கண்ணாடியில் சிறு கல்லடி ஆகிய இடங்களில்தான் அதிகம் அகப்படும். தூசி படிந்த காரில் கீறல் மறைந்துவிடும் என்பதால் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்லுங்கள். உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசியே கீறும்.

உள்ளே ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், இரண்டு சாவி, மிதியடி, கையேடு எல்லாம் செக்லிஸ்ட்படி இருக்கிறதா பாருங்கள். டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, கண்ணால் பார்த்துத்தான் டிக் அடிக்க வேண்டும். ஸ்டெப்னி இருக்கும் என்று நம்பி டிக் அடித்தவர்கள் ஸ்டெப்னி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

குறை இருந்தால் அதை எல்.ஆரிலேயே எழுதுங்கள். "இடது பின் கதவு, கைப்பிடிக்குக் கீழ், 2 செ.மீ. கீறல்" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். யார்டு ஆளின் கையெழுத்தும் அதே தாளில் வேண்டும். சேசிஸ் எண் தெரியும்படி ஒரு படம், குறை தெரியும்படி இரண்டு படம் எடுத்துவையுங்கள். மழையிலும் இருட்டிலும் காரை ஒப்படைத்து, சீக்கிரம் கிளம்பு என்பார்கள். அந்த நேரத்தில் எடுத்த காருக்கு "மழையில் பெற்றது, முழுமையாகப் பரிசோதிக்க இயலவில்லை" என்று எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு.

எந்த வரிசையில் ஏற்றுவது?

நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலும் மேல் தளத்தின் பின்பகுதி கீழே இறங்கிச் சாய்வுப் பாதையாக மாறும். மேலே முழுக்க ஏற்றி, தளத்தைத் தூக்கிப் பூட்டிய பிறகே கீழ்த் தளம் ஏற்ற முடியும். இறக்கும்போது தலைகீழ்: கீழ்த் தளம் காலியானால்தான் மேல் தளம் இறங்கும்.

ஒரே ஷோரூமுக்கு எல்லாம் போகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. வேலூரில் மூன்று, கிருஷ்ணகிரியில் இரண்டு, ஓசூரில் மூன்று என்று வந்தால் உட்கார்ந்து வரிசை போட வேண்டும். கடைசி ஊர் கார் முதலில் ஏறும். தளத்துக்கு நான்கு கார் என்றால், இந்தக் கணக்கில் ஓசூர் கார்கள் மேலே, வேலூர் கார்கள் கீழே வால்பக்கம். மேலே நான்காவதாகக் கிருஷ்ணகிரிக் கார் ஒன்று வந்தே தீரும். அதை மேல் தளத்தின் வால்பக்கம் வைத்தால், கீழே மிச்சமிருக்கும் ஒரு காரை இறக்கியதும் அது தானாக வெளியே வந்துவிடும். மாற்றி வைத்தால் கிருஷ்ணகிரியில் ஓசூர்க் காரையும் இறக்கி ஏற்ற வேண்டும். இறக்கி ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு கீறலுக்கு வாய்ப்பு.

எடையையும் சேர்த்துப் பாருங்கள். கனமான எஸ்யூவி கீழே, இலகுவான கார் மேலே என்பது பொது விதி. மேல் தளம் நிறைந்து கீழ்த் தளம் காலியாக ஓடும் நிலைதான் மிக மோசமானது. எடை முழுக்க உச்சியில் இருப்பதால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும். கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் போகும் மேலே சொன்ன வண்டி அந்த நிலையில்தான் இருக்கும். மேம்பால வளைவுகளில் வழக்கமான வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காரைச் சாய்வுப் பாதையில் ஏற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

முதல் இடம், தரையும் சாய்வுப் பலகையும் சேரும் மூலை. தாழ்ந்த காரின் முன் பம்பர் அங்கே உரசும். தளத்தின் உச்சியில் அடிவயிறு உரசும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, பலகையின் அடியில் கட்டை கொடுத்துச் சாய்வைக் குறைக்க வேண்டும். பேட்டரி கார்களில் அடியில் முழுக்க பேட்டரிப் பெட்டி இருக்கிறது, அங்கே ஒரு அடி பட்டால் சிறு செலவில் முடியாது.

இரண்டாவது, காரிலேயே இருக்கும் தானியங்கி வசதிகள். முன்னால் தூண் தெரிந்ததும் சில கார்கள் தானே பிரேக் பிடித்துவிடும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபடி ரிவர்ஸ் எடுத்தால் சில ஆட்டோமேட்டிக் கார்கள் தானே நின்றுவிடும். பாதிச் சாய்வில் இப்படி நின்றால் பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கத் தோன்றும். அங்கேதான் முன் கார் அடிபடுகிறது. புது மாடல் யார்டுக்கு வந்தால் எந்த சுவிட்சை அணைக்க வேண்டும் என்று ஏற்றும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கை காட்டுபவர். ஒரே ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும். இரண்டு பேர் காட்டினால் இருவரையும் நம்ப முடியாது. அவர் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். காருக்கும் முன் தடுப்புக்கும் நடுவில் நிற்கவே கூடாது.

ஏற்றி முடித்ததும் கதவு. டிரெய்லரின் இரும்புத் தூணுக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு அடிகூட இருக்காது. கண்ணாடியை இறக்கி, வெளியே கையை விட்டு, கதவின் விளிம்பை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு மெல்லத் திறவுங்கள். தூணில் பட்டால் முதலில் உங்கள் விரல் சொல்லும், பெயின்ட் தப்பிக்கும். பெல்ட் பக்கிள், மோதிரம், காப்பு, பேன்ட்டின் பின் பாக்கெட்டில் தொங்கும் சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி கேபினில் வைத்துவிட்டுத்தான் புதுக் காரின் அருகே போக வேண்டும். டேமேஜ் எழுதப்படும் மெல்லிய கோட்டுக் கீறல்களில் பல இந்த பக்கிள் போட்டவைதான்.

கட்டுவது எப்படி? எத்தனை பெல்ட்?

காரின் உடலையோ சஸ்பென்ஷனையோ கட்டக் கூடாது, சக்கரத்தைக் கட்ட வேண்டும். காரணம் எளிது. வண்டி குதிக்கும்போது காரின் உடல் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடும். உடலைக் கட்டினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெல்ட் தளர்ந்து இறுகி, கடைசியில் கொக்கி கழன்றுவிடும். சக்கரம் தளத்தோடு ஒட்டியே இருக்கும், அதனால் கட்டு நிலைக்கும்.

ஹேண்ட் பிரேக் போடுங்கள். கியர் காரை முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பி நிலையில். சக்கரத்தின் முன்னும் பின்னும் அடைப்புக் கட்டை வையுங்கள். பெல்ட் டயரின் மேல்பரப்பைச் சுற்றிப் போய், இரண்டு பக்கமும் தளத்தின் துளையில் கொக்கி மாட்டி, ராட்செட்டால் (பல்சக்கர இறுக்கி) இறுக்க வேண்டும். அலாய் வீலின் கம்பிக்குள் பெல்ட்டை நுழைத்தால் வீலில் கீறல் விழும். ராட்செட்டின் இரும்பு பக்கத் தகட்டில் படாதபடி அதன் வாயைக் கீழ்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மிச்சத் துணியைச் சுருட்டிக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் பெல்ட் நுனி, 500 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரே இடத்தில் அடித்து அடித்து பெயின்ட்டை மங்கச் செய்துவிடும்.

எத்தனை சக்கரம் கட்டுவது என்பதை ஒவ்வொரு கார் கம்பெனியும் தன் ஏட்டில் எழுதியிருக்கும், அதன்படிதான் போக வேண்டும். நான்கையும் கட்டினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. மேல் தளத்தின் கடைசிக் காரிலும், சாய்வாக நிற்கும் காரிலும் ஒன்றுகூடக் குறைக்காதீர்கள்.

கிளம்பி முதல் 30, 40 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். டயர் அமுங்கி உட்கார்ந்திருக்கும், பெல்ட் கட்டாயம் ஒரு பல்லாவது தளர்ந்திருக்கும். பிறகு ஒவ்வொரு டீக்கும் ஒரு சுற்று. ஓரம் வெட்டுப்பட்ட, தையல் பிரிந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்துவது தற்கொலைக்குச் சமம். முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் வலு பெருமளவு போய்விடும்.

மேல் தளம் விழும் ஆபத்து உண்டா?

உண்டு. தளத்தைத் தூக்குவது ஹைட்ராலிக் எண்ணெய், தாங்குவது பூட்டுப் பின்கள். எண்ணெயின் மேல் தளத்தை நிறுத்திவிட்டு ஓடக் கூடாது, ஹோஸ் வெடித்தால் மேலிருக்கும் நான்கு காரும் கீழிருக்கும் காரின் கூரையில் உட்காரும். தூக்கியதும் பின்னை நுழைத்து, மறுபக்கத் துளையில் அதன் நுனி வெளியே தெரிகிறதா என்று கண்ணால் பார்த்து, கிளிப் மாட்டி, பிறகு தளத்தைச் சிறிது இறக்கி அந்தப் பின்னின் மேல் உட்கார வையுங்கள். பூட்டுப் பின் மாட்டாத தளத்தின் அடியில் தலை நீட்டக்கூட வேண்டாம், ஒரு நொடிக்குக்கூட.

இதைவிட அடிக்கடி நடப்பது மனிதர் விழுவது. மேல் தளம் ஒரு ஆள் உயரத்துக்கு மேல். மழையில் நனைந்த துளைத் தகடு சோப்பு போல வழுக்கும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்க வேண்டும். செருப்போடு ஏறக் கூடாது. ஷூவும் ஹெல்மெட்டும் கம்பெனி கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

உயரம் எங்கே இடிக்கும்?

தேசிய நெடுஞ்சாலை மேம்பாலங்களின் கீழ் வழக்கமாக 5.5 மீட்டர் இடம் விடுவார்கள், 4.75 மீட்டர் வண்டி தாராளமாகப் போகும். சாலையின் குறுக்கே போகும் தாழ்வழுத்த மின்கம்பிக்கு விதி 5.8 மீட்டர். ஆக, நெடுஞ்சாலையில் பயமில்லை. நெடுஞ்சாலையை விட்டு ஷோரூமை நோக்கித் திரும்பும் கடைசி இரண்டு கிலோமீட்டரில்தான் எல்லாம் நடக்கும். கேபிள் டிவி கம்பிக்கு விதி பார்த்துக் கட்டுபவர் இல்லை. ரயில்வே சுரங்கப்பாதையில் மழைக்குப் பிறகு புதிதாகத் தார் போட்டிருந்தால், பலகையில் எழுதிய உயரத்தைவிட உண்மை உயரம் குறைந்திருக்கும். கேரளப் பக்கம் சாலைக்கு மேல் கவிந்த மரக்கிளைகள் மேல் தளத்துக் காரின் கூரையைத் தடவும்.

நம் ஊரில் ஆடி, வைகாசித் திருவிழாக் காலத்தில் போன வாரம் இல்லாத அலங்கார வளைவும் சீரியல் விளக்குத் தோரணமும் இந்த வாரம் இருக்கும். பழகிய வழி என்று நம்பிப் போகாதீர்கள். ஷோரூமுக்கு முதல் நாளே போன் செய்து, "டிரெய்லர் உள்ளே வருமா, எங்கே நிறுத்தி இறக்க வேண்டும்" என்று கேளுங்கள். தொங்கும் கம்பியைக் குச்சியால் தூக்கிவிட்டு வண்டியை நகர்த்தும் வேலை வேண்டாம். அது கேபிளா மின்சாரமா என்று கீழிருந்து சொல்ல முடியாது.

மலை இறக்கத்தில் எப்படி?

தர்மபுரியில் இருந்து சேலம் இறங்கும் தொப்பூர் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தொடர்ந்து விபத்து நடப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம், டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுவது. நியூட்ரலில் எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சினின் புகைவழியை அடைத்து வண்டியை மெதுவாக்குவது) வேலை செய்யாது. முழு பாரமும் கால் பிரேக்குக்குப் போய், டிரம் சூடேறி, பிடிப்பே இல்லாமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, அதே கியரில் அடிவாரம் வரை போங்கள். லோடு இலேசாக இருப்பதால் கார் கேரியர் டிரைவர்களுக்கு ஒரு பொய்த் தைரியம் வரும். இறக்கத்தில் அந்தத் தைரியம் உதவாது.

காற்றும் ஒரு எதிரி. காலியாகத் திரும்பும்போது தகரம் அடித்த பெரிய பெட்டி எடையே இல்லாமல் நிற்கிறது. ஆரல்வாய்மொழி, கயத்தாறு போன்ற காற்றாலைப் பகுதிகளில் ஆனி, ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளும். லோடு வண்டியைவிடக் காலி வண்டியில்தான் அங்கே கவனம் அதிகம் தேவை.

என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்?

ஆர்.சி., பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் ஆகியவை வண்டிக்கு. சரக்குக்கு இன்வாய்ஸ், எல்.ஆர்., இ-வே பில், யார்டு கேட் பாஸ்.

சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் இ-வே பில்லில்தான் பலர் மாட்டுகிறார்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து டெல்லி சுமார் 2,200 கிலோமீட்டர் என்றால் 11 நாள் கிடைக்கும். வண்டி பழுதாகி நின்றால் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ பின்போ நீட்டிக்கலாம், அதைத் தாண்டினால் முடியாது. ஆகவே வழியில் நின்றால் மெக்கானிக்குக்குப் போன் செய்யும் அதே நேரத்தில் ஆபீசுக்கும் சொல்லுங்கள். லோடை வேறு வண்டிக்கு மாற்றினால் இ-வே பில்லில் வண்டி எண்ணையும் மாற்ற வேண்டும். சோதனையில் எண் பொருந்தாவிட்டால் லோடோடு நிறுத்திவிடுவார்கள்.

துறைமுக லோடு நல்லதா, ஷோரூம் லோடு நல்லதா?

சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் கார் ஏற்றுமதி செய்கின்றன. தூரம் குறைவு, ஒரே இடத்தில் எல்லாம் இறங்கும், வீட்டுக்கும் அடிக்கடி போகலாம். எண்ணூருக்கு வண்டலூரில் இருந்து மீஞ்சூர் வரை போகும் சுமார் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது, நகருக்குள் நுழைய வேண்டாம். ஆனால் கப்பல் வரும் நாட்களில் கேட்டில் வரிசை நிற்கும். கிலோமீட்டருக்குப் பேட்டா பேசியிருந்தால் நிற்கும் நேரத்துக்குக் காசு இல்லை. துறைமுக ஓட்டத்துக்குப் போகிறவர்கள் டிரிப் கணக்கில் பேசுவதும், காத்திருப்புக்குத் தனியாகக் கேட்பதும் நியாயம்.

சம்பளம் எப்படிப் பேச வேண்டும்?

மாதச் சம்பளமும் டிரிப் பேட்டாவும் என்று ஒரு முறை. டீசல், டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தொகை கொடுத்து, மிச்சம் உன்னுடையது என்பது இன்னொரு முறை. இரண்டாவதில் மிச்சம் பிடிக்கத் தூக்கத்தை அடகு வைக்க வேண்டிவரும். முதலாவதை விரும்புங்கள்.

சேரும் முன் இதையெல்லாம் கேளுங்கள்: டேமேஜ் டெபிட்டுக்கு உச்சவரம்பு உண்டா, யார் விசாரித்து முடிவு செய்வார்கள், இன்சூரன்ஸில் கிடைத்த தொகை கழிக்கப்படுமா? ஷோரூமில் இறக்க இரண்டு நாள் காக்க வைத்தால் பேட்டா உண்டா? மைலேஜ் குறைந்தால் பிடிப்பு எந்தக் கணக்கில்? பி.எஃப். பிடிக்கிறார்களா? மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. பொருந்தும். பதில்கள் எழுத்தில் வந்தால் நல்லது, குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது வரட்டும். டேமேஜ் டெபிட் பற்றிக் கேட்டதும் முகம் சுளிக்கும் ஆபீஸில் சேர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எந்த மாதத்தில் வேலை அதிகம், எப்போது குறைவு?

ஆயுத பூஜை, தீபாவளிக்கு முந்தைய ஐந்தாறு வாரம் மூச்சு விட நேரமிருக்காது. பண்டிகைக்கு முன்பே ஷோரூமில் கார் நிற்க வேண்டும். கேரளத்தில் ஓணத்துக்கு முன் இதே கதை. மார்ச் கணக்கு முடிப்பிலும் ஓட்டம் கூடும். ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்நாட்டில் பலர் வண்டி எடுக்க மாட்டார்கள், மலையாளிகளுக்குக் கர்க்கடகம் அப்படி. வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குச் சராசரி பார்த்துத்தான் இ.எம்.ஐ. போட வேண்டும். நெடுந்தூர ஓட்டத்தில் ரயிலும் போட்டிக்கு வந்துவிட்டது. வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் இருந்தே கார்கள் வடக்கே போகின்றன. யார்டில் இருந்து ரயிலடிக்கும், ரயிலடியில் இருந்து ஷோரூமுக்கும் கேரியர் வேண்டும் என்பதால் குறுந்தூர வேலை அதனால் குறையவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

எட்டு மணி நேரம் ஓட்டம், ஐந்து மணி நேரத்துக்குள் குறைந்தது அரை மணி ஓய்வு என்பதே மோட்டார் தொழிலாளர்களுக்குச் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த அளவு. நடைமுறையில் மீறப்படுகிறது, அது தெரிந்ததே. இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மட்டுமாவது வண்டியை ஓரம் கட்டுங்கள். அந்த மூன்று மணி நேரத்தைத் தூங்கிக் கழித்தால் மறுநாள் மதியம் தூக்கம் தள்ளாது. நிறுத்துவது டோல் பிளாசா அருகிலோ விளக்குள்ள பங்க்கிலோ இருக்கட்டும், இருட்டில் நின்ற கேரியரில் பேட்டரியும் ஸ்டெப்னியும் காணாமல் போகும்.

புதுக் காருக்குள் படுக்கலாமா, போன் சார்ஜ் போடலாமா?

கூடாது. ஏ.சி. போட்டுப் படுத்தால் பேட்டரி இறங்கும், இருக்கிற சில லிட்டர் பெட்ரோலும் தீரும், இறக்கும் இடத்தில் கார் ஸ்டார்ட் ஆகாமல் மேல் தளத்திலேயே நின்றுவிடும். சீட்டின் பிளாஸ்டிக் உறை கிழிந்தால் அதுவும் டேமேஜ்தான். ஸ்மார்ட் சாவியைக் காரின் உள்ளே விட்டாலும் சில கார்களின் பேட்டரி மெல்ல இறங்கும். தெரிந்தவர் கொடுக்கும் ஒரு பெட்டியைக்கூடக் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்ற பதிலைச் சோதனைச் சாவடியில் யாரும் ஏற்கமாட்டார்கள். ஓடும் கேரியரில் காருக்குள் ஆள் உட்காருவதற்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் இடம் கொடுக்காதீர்கள்.

விபத்து நடந்தால்?

அடிபட்டவருக்கு முதலில் மருத்துவ உதவி: 108. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி அது டிரைவரின் கடமை. கூட்டத்தால் உயிருக்கு ஆபத்து என்றால் அங்கிருந்து நகர்ந்து நேராகக் காவல் நிலையம் போகலாம். 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். பிறகு ஆபீசுக்குச் சொல்லி, கார்களைத் தொடாமல், பெல்ட் கட்டிய நிலையிலேயே படம் எடுங்கள். பெல்ட் சரியாகக் கட்டியிருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

ஷோரூமில் ஒப்படைக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

இறக்கியதும் அங்கேயே, வெளிச்சத்தில், ஷோரூம் ஆளோடு சேர்ந்து சுற்றிப் பாருங்கள். "வெச்சுட்டுப் போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றால் சம்மதிக்காதீர்கள். நாளைக்குள் அந்தக் கார் வேறு மூன்று கைகளில் ஓடியிருக்கும். பி.ஓ.டி. (ஒப்படைத்ததற்கான சான்று) தாளில் முத்திரை, பெயர், தேதி, நேரம் நான்கும் வேண்டும். அவர் குறை எழுதினால் வாதாடிக்கொண்டு நிற்க வேண்டாம். ஏற்றும்போது எடுத்த படத்தைக் காட்டி, "யார்டிலேயே இருந்தது, எல்.ஆரில் பதிவு உள்ளது" என்று அதே தாளில் உங்கள் குறிப்பையும் எழுதுங்கள். உங்களால் நேர்ந்த கீறல் என்றால் மறைக்காமல் எழுதி ஆபீசுக்குச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் கோர அந்தத் தேதியும் கையெழுத்தும் தேவைப்படும். தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, மூலத் தாளை மடிக்காமல் உறையில் போட்டு வையுங்கள். பேட்டா செட்டில் செய்யும் மேசையில் முதலில் கேட்பது அதைத்தான்.